பாலமுனைக்கு இருபது

றிஸ்மிக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று பாம்பு. அது எல்லோருக்கும் உள்ளதுதான், விட்டுவிடலாம். மற்றது, "கொழும்புல நீங்க என்ன வேல செஞ்சீங்க?" என்று யாராவது கேட்பது.

"கணக்கு வேல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புவதில் அவன் கைதேர்ந்திருந்தான். அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஆறு வருஷம் அவன் எழுதியது கணக்குத்தான். எழுதிய இடம்தான் வில்லங்கம். கொழும்பில் ஒரு சந்துக்குள் இருந்த பந்தயக் கடை அது. ஆளுயரக் கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு நின்று எந்தக் குதிரைக்கு எத்தனைக்கு எத்தனை, சனிக்கிழமையானால் இங்கிலாந்தில் எந்த உதைபந்தாட்ட அணிக்கு எத்தனைக்கு எத்தனை என்று எழுதுவான், அழிப்பான், திரும்ப எழுதுவான். ஓட்ஸ் என்பார்கள் அந்தக் கணக்கை; வெல்லும் வாய்ப்புக் குறையக் குறைய எண் ஏறும். அவன் ஒரு தரமும் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் சூதுக் கடையில் நின்றவன் என்று பாலமுனையில் தெரியவந்தால், நான் வெண்கட்டி மட்டும்தான் பிடித்தேன் என்பதை யார் காதில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?

அதிலும் அவனுடைய மாமனார் மீராசாஹிபு பள்ளிவாசல் மரைக்கார். தாய்வழியில் வரும் தன் குடிக்குப் பொறுப்பானவர். கல்யாணம் பேசுவதென்றாலும் வரம்புச் சண்டை தீர்ப்பதென்றாலும் அவர் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சே தொடங்கும். மகள் அஸ்னாவையும் கொடுத்து, எங்கள் கரை வழக்கப்படி அவளுக்கென்று கட்டிய வீட்டில் மருமகனைக் குடியும் வைத்து, நாலு மாதமாக அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார். மாமியார் சல்மா உம்மா இன்னும் மருமகனுக்கு முகம் காட்டவில்லை. அதுவும் வழக்கம்தான். அறைவாசல் சீலைக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதுபோல மருமகனுக்குச் சொல்லுவார். பொரித்த மீன் முதலில் வரும், குரல் பிறகு வரும்.

இவ்வளவு மரியாதையும் ஒரு வெண்கட்டித் துண்டில் தொங்கிக்கொண்டிருப்பது அந்த வீட்டில் றிஸ்மிக்கு மட்டும்தான் தெரியும். கொழும்பை விட்டு வந்து கல்முனை பஸாரில் அலுமினியப் பாத்திரக் கடை போட்டிருந்தான். சட்டி விலை எழுதுவதோடு வெண்கட்டிக்கும் தனக்கும் உள்ள சகவாசம் முடிந்தது என்று நினைத்தான். நினைத்தது நடந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு சிறுபோகத்தின்போது கல்முனையில் எட்டுக் கழகங்கள் ஆடும் உதைபந்தாட்டச் சுற்று ஒன்று வந்தது. பாலமுனை இளம்பிறைக் கழகமும் அதில் இருந்தது. போன நாலு வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்று, முதல் ஆளாக வீடு திரும்பி, மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்ட கழகம் அது. அதன் போஷகர் மீராசாஹிபு. செயலாளர் மக்கீன், அஸ்னாவின் மாமி மகன். முன்பு கப்பலில் சமையல்காரனாக இருந்து ஏதோ ஒரு துறைமுகத்தில் பந்தயக் கடைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவன். பார்த்ததை ஊருக்குக் காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. சந்தியில் கழகக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி, எட்டுக் கழகங்களின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனைக்கு ஒன்று என்று போட்டுவிட்டான்.

"இது ஹறாம் இல்லியா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆரு காக்கா காசு கட்டினது? சும்மா பாக்கத்தான்" என்றான் மக்கீன்.

மனம் போன போக்கில் எழுதிய பலகை அது. சொந்த ஊர்ப் பாசத்தில் பாலமுனைக்கு இரண்டுக்கு ஒன்று. மூன்று வருஷமாகக் கோப்பையைக் கையை விட்டு இறக்காத பாண்டிருப்பு விடிவெள்ளிக் கழகத்துக்கு எட்டுக்கு ஒன்று. மற்றவற்றுக்கு வாயில் வந்தது. கடை பூட்டி வந்து பஸ்ஸால் இறங்கிய றிஸ்மி அதைப் பார்த்தான். பார்த்த நேரத்திலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பல்லில் மீன்முள் சிக்கினால் நாக்கு அங்கேயே போகுமே, அப்படி அவன் மனம் அந்தப் பலகைக்கே போனது.

அடுத்த நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது சந்தியில் ஒரு குருவியும் இல்லை. சட்டைப் பையில் சட்டி விலை எழுதும் வெண்கட்டி இருந்தது. கை தானாகப் போனது. மளமளவென்று எட்டையும் அழித்து எட்டையும் எழுதினான். விடிவெள்ளிக்கு இரண்டுக்கு ஒன்று. நடுவில் உள்ளவற்றுக்கு நாலு, ஐந்து, ஆறு, எட்டு என்று நியாயமான கணக்கு. பாலமுனைக்கு இருபதுக்கு ஒன்று. அதுவும் புது மாப்பிள்ளை என்ற தயவில்தான் இருபது. கடையிலாக இருந்தால் ஐம்பது போட்டிருப்பான். எட்டி நின்று ஒரு தரம் பார்த்தான். கொழும்பை விட்டு வந்த ஆறு மாதத்துக்குப் பிறகு மனம் குளிர்ந்தது. வீட்டுக்குப் போய் இடியப்பத்தை ஒரு பிடி பிடித்தான்.

கடைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுதான் வினை வந்தது. மீராசாஹிபு தன் சிவப்பு உழவு மெசினை, பின்னால் பூட்டிய பெட்டியோடு சந்தியில் நிறுத்திவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் பாண்டிருப்பு அழகரெத்தினம், விடிவெள்ளிக் கழகத்தின் தலைவர். இருவர் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. முப்பது வருஷச் சினேகிதம். விதைநெல் விஷயமாக அன்று காலையிலேயே வந்திருந்தார்.

"இருபதா! நேத்து ரெண்டு, இண்டைக்கு இருபதா!" மாமனாரின் முகம் பூரித்துப் போயிருந்தது. "மக்கீன், இப்பதான்டா ஒனக்குக் கண் தொறந்திரிக்கி."

மக்கீன் கொட்டிலுக்குள்ளிருந்து வந்து பலகையைப் பார்த்து முழித்தான். யார் மாற்றினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. இருந்தும் மாமா தோளில் தட்டியதும், தானே மாற்றியதாக அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டான். இருபதுக்கு ஒன்று என்றால் மாமாவுக்குச் சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை என்பது கப்பல்காரனான அவனுக்கு ஓரளவு தெரியும். ஆனால் புகழ்ச்சி வரும்போது குறுக்கே விழுந்து தடுக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

அழகரெத்தினத்தின் முகம் சுருங்கிவிட்டது. "மூண்டு வருசமா கப் எடுத்த பொடியனுகளுக்கு ரெண்டா? இது ஞாயமா மக்கீன்? ஒரு பத்தாவது போட்டிருக்கலாமே."

றிஸ்மிக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பேரும் வெள்ளாமைக்காரர்கள். ஒன்றுக்கு எத்தனை என்று பிறந்ததிலிருந்து அவர்கள் கேட்பது விளைச்சல் கணக்கு. ஒரு அவணம் விதைத்து இருபது அவணம் வெட்டினால் அது வயல். இரண்டு அவணம் வெட்டினால் வெட்டின கூலிக்கும் காணாது. பெரிய எண் என்றால் பெரிய ஆள். அவர்களுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

மீராசாஹிபு சினேகிதரின் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார். பிறகு சந்தியில் கூடி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"கேட்டுக்கங்க. இந்த முற கப் பாலமுனைக்கு வராட்டி, கப் எடுத்த பொடியனுகள என்ட மெசின் பெட்டியில ஏத்தி, கல்முனையில இருந்து நானே ஓட்டி, என்ட வீட்ட கொண்டு வந்து சஹன் வெச்சு சோறு குடுப்பன். இது நேர்ச்ச!"

நேர்ச்சை என்றால் அது அல்லாஹ்வுக்குக் கொடுத்த வாக்கு. வாயை விட்டுப் போனால் திரும்பி வராது. பஸ் வந்தது, போனது. றிஸ்மி ஏறவில்லை.

பாலமுனைப் பையன்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றிருந்தால் எல்லாம் ஒரு சிரிப்போடு போயிருக்கும். அவர்கள் வென்று தொலைத்தார்கள். முதல் ஆட்டத்தில் எதிர்க் கழகம் வந்த வான் வண்டியை இராணுவச் சென்றியில் மறித்துவைத்ததால், அவர்கள் வந்து சேர்வதற்குள் நடுவர் ஆட்டத்தைப் பாலமுனைக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் எதிர்க் கழகத்தின் பின்வரிசைப் பையன் ஒருவன் தன் கோலுக்குள்ளேயே தலையால் ஒரு அருமையான கோல் போட்டான். இளம்பிறைக் கழகம் ஒரு கோலும் சொந்தமாகப் போடாமல் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே விடிவெள்ளி.

மீராசாஹிபுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தியில் வரவேற்பு வளைவுக்கு ஆள் பிடித்தார். ஒலிபெருக்கி கட்டிய காரில் பாலமுனையிலிருந்து கல்முனை வரைக்கும் 'கப் வருகிறது' என்று அறிவித்துக்கொண்டு போகவும் பேசி வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம், "இருபது! சும்மாவா எழுதுவாங்க?" என்றார்.

ஒரு மாலை றிஸ்மி சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் சைக்கிளை நிறுத்தும்போது உள்ளே மக்கீனின் குரல் கேட்டது.

"மரைக்கார் இருபத வெளைச்சல் எண்டு நெனச்சிட்டார்டா! ஒலிபெருக்கி வேற!"

நாலைந்து பேர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவர்களுக்கு ஓட்ஸ் தெரிந்திருந்தது. வந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் யாருக்கும் மனமில்லை, கூத்துக் கெட்டுவிடும். றிஸ்மி சைக்கிளைத் திருப்பினான். மருமகன் வீட்டில் இல்லாமல் ஒரு நாளும் சோற்றில் கை வைக்காத மனிதர். அவரை ஊர் சிரிக்கிறது. சிரிக்க வைத்த எண்ணை எழுதிய கை தன்னுடைய கை. உண்மையைச் சொன்னால் அவர் தப்புவார். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு மருமகன் என்ற மரியாதை மிஞ்சுமா என்பது சந்தேகம்.

முதலில் அஸ்னாவிடம் சொன்னான். மீன் தட்டை வைத்துவிட்டு நின்றவளிடம் பலகை, வெண்கட்டி, சந்துக் கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். அவள் கோபப்பட்டாள்.

"நாலு மாசமா ஒண்டாச் சாப்பிட்டுட்டு, இத மட்டும் தனியா வெச்சிருந்தீங்களா?"

"பயம் புள்ள."

"இப்ப இல்லியா?"

"இப்பவும்தான். ஆனா மாமாவச் சிரிக்கிறாங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி. இருபதுக்கு ஒண்டு எண்டா என்ன? எனக்கும் சொல்லுங்க."

"இருபத்தொரு தரம் ஆடினா இருபது தரம் தோப்பாங்க. ஒரு தரம் வெல்லுவாங்க. ரெண்டுக்கு ஒண்டு எண்டா, மூணு தரத்துல ஒரு தரம் வெல்லுவாங்க."

"அப்ப நம்பர் சின்னன் எண்டா ஆள் பெரிசு."

"ஓம். அவ்வளவுதான்."

"இவ்வளவு தெரிஞ்சும் நீங்க கட்டலியா?"

"தெரிஞ்சதாலதான் கட்டல்ல. ஒரு சஹனச் சுத்தி எத்தின பேர் இரிப்பம்?"

"ஆறு பேர்." சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. விருந்து வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். றிஸ்மியின் கடையிலும் விற்பனைக்கு இருக்கிறது.

"பந்தயக் கடைக்காரன் அதே சஹனுக்கு ஏழு பேர்ட்ட பங்கு விப்பான். பலகையில உள்ள எல்லாப் பங்கையும் கூட்டிப் பாத்தா ஒரு சஹனுக்கு மேல வரும். மேல வாறது அவன்ட. எந்தக் குதிர ஓடினா என்ன, எவன் கோல் போட்டா என்ன, அவன்ட பங்கு அவனுக்கு."

சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப அந்த ஏழாவது ஆளுக்குச் சோறு?"

"இல்ல மாமி, பசிதான்" என்று றிஸ்மி வாய்தவறி நேராகவே பதில் சொல்லிவிட்டான். சீலை ஒரு தரம் ஆடி நின்றது. நாலு மாதத்தில் மாமியாரும் மருமகனும் பேசிய முதல் பேச்சு அது. அஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாப்பாட்ட நீங்கதான் சொல்லணும். உம்மா சொல்றதுக்கு முந்திப் போங்க" என்றாள்.

அடுத்த நாள் கடையை நேரத்தோடு பூட்டி, அஸர் தொழுகைக்குப் பிறகு வயலுக்குப் போனான். மீராசாஹிபு வரம்பில் குனிந்து, வக்கடையை வெட்டித் தண்ணீர் திறந்துகொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"வாங்க மருமகன். சேத்துக்குள்ள ஏன் வந்தீங்க? சொல்லி அனுப்பினா நான் வருவனே."

றிஸ்மி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "மாமா, ஒரு வயல் இரிக்கி. இருபத்தொரு போகம் வெதைக்கிறீங்க. இருபது போகம் வெள்ளாமை வராது. ஒரே ஒரு போகம் வரும். அந்த வயலுக்குத்தான் பலகையில இருபதுக்கு ஒண்டு எண்டு எழுதுவாங்க."

"அந்தத் தரையில நான் எருமையும் கட்ட மாட்டனே!"

"அந்தத் தரதான் மாமா நம்மட கழகம்."

மாமனார் மண்வெட்டிப் பிடியை இறுக்கினார். தண்ணீர் வக்கடையால் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அழகரெத்தினத்துட ரெண்டு?"

"மூணு போகத்துல ஒரு போகம் வெளையும். பலகையிலேயே அவங்கதான் பெரிய ஆக்கள்."

"அந்த மனிசன் பேசாம நிண்டாரே!"

"அவருக்கும் தெரியா மாமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மீராசாஹிபு, மனசாரவே. பிறகு கண்ணைச் சுருக்கினார். "இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வந்துவிட்டது. றிஸ்மி சேற்றைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். கணக்கு வேலை எங்கே என்று சொன்னான். ஒரு தரமும் கட்டவில்லை என்று சொன்னான். கல்யாணம் பேசும்போதே அந்த வேலையை விட்டதையும், பாத்திரக் கடை தன் உம்மாவின் தென்னந்தோட்டத்தை விற்றுப் போட்டது, சந்துக் கடைச் சம்பளம் ஒரு சதமும் இந்த வீட்டுக்கு வரவில்லை என்பதையும் சொன்னான். கடைசியில் தலையை நிமிர்த்தி, "பலகையில இருபது எழுதினதும் நான்தான் மாமா" என்றான்.

"அது எனக்குத் தெரியும்."

"எப்பிடி மாமா?" என்றான் றிஸ்மி.

"ஒங்கட கடையில சட்டி வெல எழுதுற கை. இருபதுல உள்ள ரெண்டுக்கு வால் நீட்டி வளைக்கிறது வேற ஆரு? மக்கீன் எழுதியிருந்தா நான் திரும்பியும் பாத்திருக்க மாட்டன். அவனப் புகழ்ந்தது ஒங்கட பேர் சந்தியில அடிபடக் கூடாது எண்டுதான். என்ட மருமகன் எங்கட பொடியனுகளுக்கு இருபது போட்டிரிக்கார் எண்டுதான் நேர்ச்சயே வெச்சன்."

அவர் குனிந்து, இரண்டு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு வக்கடையை அடைத்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. றிஸ்மி நின்ற இடத்திலேயே நின்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன்னை நம்பித்தான் மனிதர் வாய்விட்டார் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

இறுதிப் போட்டி வரைக்கும் மாமனார் அவனோடு கதைக்கவில்லை. சோற்றுக்கும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. முந்திச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார். ஒலிபெருக்கிக் காரை வேண்டாம் என்று சொல்லியனுப்பியதாக அஸ்னா சொன்னாள். வளைவு மட்டும் நின்றது. 'வெற்றி வீரர்களே வருக' என்று அதில் எழுதியிருந்தது. யாருடைய வெற்றி என்று எழுதவில்லை. பொரித்த மீன் வருவதும் நிற்கவில்லை. றிஸ்மிக்கு இருந்த ஒரே தைரியம் அந்த மீன்தான்.

பொழுதுபடுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டிய யுத்த காலம் என்பதால் இறுதிப் போட்டியைக் காலையிலேயே வைத்தார்கள். கல்முனை மைதானம் நிரம்பி வழிந்தது. மீராசாஹிபு கழுவி மினுக்கிய மெசினைப் பெட்டியோடு மைதான ஓரத்தில் நிறுத்தினார். நேர்ச்சைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார் என்பது றிஸ்மிக்கு விளங்கியது. அவரிடமிருந்து இரண்டு ஆள் தள்ளி நின்றான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்சநேரத்தில், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாலமுனைப் பையன் ஒருவன் பந்தை வெளியே போகட்டும் என்று ஓங்கி உதைத்தான். அது காற்றில் திரும்பி விடிவெள்ளியின் கோலுக்குள் இறங்கியது. இளம்பிறைக் கழகத்தின் முதல் சொந்தக் கோல். மீராசாஹிபு துள்ளினார். மரைக்கார் என்பதையும் மறந்தார், கோபத்தையும் மறந்தார். இரண்டு ஆளைத் தள்ளிக்கொண்டு வந்து றிஸ்மியின் கையைப் பிடித்தார்.

"மருமகன்! இருபத்தொரு போகத்துல ஒரு போகம்! இது அந்தப் போகமா இரிக்குமா?"

"இரிக்கலாம் மாமா! இருபதுக்கு ஒண்டு எண்டா இல்லவே இல்ல எண்டு இல்லியே!"

இது அந்தப் போகமாக இருக்கவில்லை. விடிவெள்ளி இடைவேளைக்கு முன்னால் ஒன்று போட்டது, பின்னால் ஒன்று போட்டது. பிறகு ஊதல் சத்தம். அழகரெத்தினம் தலைப்பாகையைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார். மீராசாஹிபு இன்னும் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பிடித்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலக் கையைப் பார்த்தார், விட்டார்.

நேராக மைதானத்துக்குள் போய் அழகரெத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். "பொடியனுகள ஏறச் சொல்லுங்க. நேர்ச்ச நேர்ச்சதான்" என்றார். விடிவெள்ளிப் பையன்கள் கோப்பையோடு பெட்டியில் ஏறினார்கள். தோற்ற பாலமுனைப் பையன்களும் வீட்டுக்குப் போக வேறு வழியில்லாமல் அதே பெட்டியில் ஏறினார்கள். மீராசாஹிபு சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, கீழே நின்ற மருமகனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் சில்லுக்கு மேலே இருந்த மட்காட்டைக் கையால் தட்டினார். அந்த மட்காட்டில் அதுவரை ஒரு மனிதனும் உட்கார்ந்ததில்லை. கழுவிய நாளில் ஈயும் உட்காராது.

"ஏறுங்க மருமகன்."

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒவ்வொரு சந்தியிலும் அவரே ஹோன் அடித்தார். "விடிவெள்ளிக்கு!" என்று அவர் கத்த, பெட்டியில் இருந்தவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். கொஞ்சத் தூரம் போனதும் பாலமுனைப் பையன்களும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டார்கள், சும்மா இருக்க அலுப்பாக இருந்திருக்கும்.

பாலமுனைச் சந்தியில் தேத்தண்ணிக் கடையே வெளியே வந்து நின்றது. மோட்டார் சைக்கிளில் முந்தி வந்துவிட்ட மக்கீன் நடுவில். "என்ன மாமா, இருபது வெளையல்லியா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மீராசாஹிபு வளைவுக்குக் கீழே மெசினை நிறுத்தினார்.

"இருபதுக்கு ஒண்டு எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியாதுதான். நான் வெள்ளாமைக்காரன். ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்சிரிக்கி. தெரிஞ்சும் சிரிச்சிக்கிட்டு இரிந்தீங்க. ஒருத்தன்தான் சேத்துக்குள்ள எறங்கி வந்து என்ட மொகத்துக்கு நேர சொன்னான்." மட்காட்டைக் காட்டினார். "இவர் எங்க படிச்சார் எண்டு ஒருத்தரும் கேக்க வேணா. கேட்டா, பந்தயக் கணக்குத் தெரிஞ்சு சிரிச்ச நீங்க எங்க படிச்சீங்க எண்டு நானும் பள்ளியில வெச்சுக் கேப்பன்."

மக்கீன் மெதுவாக மற்றவர்களுக்குப் பின்னால் போனான். றிஸ்மி மட்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். கண் கலங்கியதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தது. இந்துக்களான பாண்டிருப்பாருக்காக மாட்டிறைச்சியே வாங்காமல் கோழி ஆக்கியிருந்தார்கள். சஹன்கள் எல்லாம் றிஸ்மியின் கடையிலிருந்து வந்த புதுத் தட்டுகள். அவன் ஓடி ஓடி ஒவ்வொரு சஹனாக வைத்து, ஆறு ஆறு பேராக உட்கார்த்தினான். விடிவெள்ளியும் இளம்பிறையும் கலந்து உட்கார்ந்தார்கள். எல்லோரையும் உட்கார்த்தி முடிந்து நிமிர்ந்தால் அவனுக்கு இடமில்லை. முதல் சஹனில் மாமனார், அழகரெத்தினம், கோல் போட்ட மூன்று பையன்கள், எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்ட மக்கீன். ஆறு பேர். யாரும் இன்னும் கை வைக்கவில்லை. மீராசாஹிபு கையைக் கட்டிக்கொண்டு மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருமகன், ஏழாவது ஆளா?"

சல்மா உம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது றிஸ்மிக்கு விளங்கியது. "ஓம் மாமா" என்றான். சிரிப்பதா பயப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கடைக்காரன்ட சஹன்ல ஏழாவது ஆளுக்குப் பசியாம். அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

மீராசாஹிபு மக்கீனின் தொடையில் தட்டி அவனை ஒரு பக்கம் நகர்த்தினார், அழகரெத்தினத்தை மறு பக்கம் நகர்த்தினார். தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பாய் தெரிந்தது.

"இது கடைக்காரன்ட சஹன் இல்ல, என்ட சஹன். இரிங்க மகன். நீங்க வந்தாத்தான் நான் கை வைப்பன்."

றிஸ்மி உட்கார்ந்தான். அப்போது ஒரு தட்டுப் பொரித்த மீன் அவன் முன்னால் வந்தது. இந்த முறை அஸ்னா கொண்டுவரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முற்றம் நிறைந்த ஆட்களுக்கு நடுவில், சல்மா உம்மாவே கொண்டுவந்து வைத்தார்.